நான்காம் பாத்தி

கவிழ்த்த வாளியின் முதுகில் ரப்பர் மூடி,
அதற்குள் ஊசி.
பூஜ்யம், இருபது, நாற்பதாம் நிமிடங்களில்
புதுவயலுக்குத் தெற்கே ஒரு செம்மண் வயலின் மூச்சை
சிரிஞ்சில் இழுத்தேன், புரட்டாசியிலிருந்து தை வரை.
"மண்ணுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப்
பதிலுக்கு நிற்காமல் போகும் பால் சைக்கிள்.

எக்டேருக்கு இட்ட தழைச்சத்து நூறு கிலோ.
நெல் எடுத்தது முப்பத்தெட்டு.
மழையோடு கீழே இறங்கியது பதினேழு.
யூரியா தூவிய மறுநாள் வெயிலில்
மூக்கைச் சுள்ளென்று கிள்ளிப் போனது இருபத்தாறு.
மிச்சம் மண்ணிலும் வாளிக்குள்ளும்.
தம்பிடி விடாமல் ஐந்தொகை எழுதிய ஊர்கள் இவை;
என் ஐந்தொகை மடிக்கணினியில்:
பதினான்கு சமன்பாடு, ஒரு மழைமானி,
நிறைய 'என்று கொள்வோம்'.

மூன்று பாத்திகள் சொன்னபடி கேட்டன.
நான்காவது மட்டும், புழுதி விதைப்பு நனைந்த முதல் மழையில்,
கோட்டுக்கு மேலே, தாளுக்கே மேலே
ஒன்பது மடங்கு.
மூடியில் ஓட்டை என்று எழுதினேன். மூடியை மாற்றினேன்.
மறுவாரமும் அதேதான்.
"விலகல். நீக்கலாம்," மதுரையிலிருந்து
ஒரு வரி மின்னஞ்சல்.
நீக்கினேன். கோடு அழகாக வந்தது.

அறுவடையன்று, கூலிநெல் அளந்துகொண்டே
வயல்காரர் சேவுகன் வேறு யாரிடமோ சொன்னார்:
"ஆடியில ரெண்டு ராத்திரி கிடை போட்டேன்ல,
அந்த மூலையில மட்டும் பயிர் சாஞ்சிருச்சு."
என்னிடம் சொல்லவே இல்லையே!
"நீங்க எத்தனை மூட்டைன்னுதானே கேட்டீங்க?"

கிடைக்குக் கட்டம் இல்லை என் நிரலில்.
கிடைக்காரர் சடையாண்டி அப்போது திருமயம் பக்கம்.
ஸ்கூட்டரில் போனேன்.
எத்தனை உருப்படி? முந்நூற்றுப் பத்து.
ஒரு ஆடு, ஒரு ராத்திரிக்கு, எத்தனை தடவை
என்று நான் முடிப்பதற்குள்
அவர் மனைவி சிரித்துச் சிரித்து
குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.
"இருந்து எண்ணிக்கிட்டுப் போங்க," என்றார் அவர்.

இருந்தேன்.
காதில் சிவப்பு நூல் கட்டிய ஒரு பெட்டையை
டார்ச் வெளிச்சத்தில் குறித்துக்கொண்டு.
விடியும்போது நோட்டில் ஐந்து கோடுகள்.
செருப்பு, துப்பட்டா, தலைமுடி எல்லாம் அமோனியா;
டீக்கடையில் பெஞ்சு எனக்கு மட்டும் காலியானது.

நீக்கிய புள்ளியைத் திரும்ப வைத்தேன். கோடு கெட்டது.
இரண்டரைக்கும் மூன்றேகாலுக்கும் நடுவே
தூங்கிவிட்டிருந்தேன்.
அந்த முக்கால் மணி நேரத்துக்கு எதிரே
'ஒன்று என்று கொள்வோம்.'