அரைப்பேர்

எங்கள் டிவிஷனில் சிக்னல் எடுக்கிற ஒரே இடம்
கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால்
அடுக்கிய உரமூட்டைகளின் உச்சி.
மதிய நிறுவை முடிந்ததும் அங்கே ஏறி உட்கார்ந்து பார்த்தேன்,
நான் இல்லாத என் அணியை.

பந்தலூரில் மழை. படம் நின்று நின்று வந்தது.
லால்மிங்கி கையைத் தூக்கினாள், தூக்கியபடியே இருந்தாள்.
பந்து எங்கே போனதென்று
ஒரு மேகம் நகர்ந்த பிறகுதான் தெரிந்தது.

உட்கார்ந்து ஆடுகிற கைப்பந்து.
இடுப்பு தரையை விட்டு எழுந்தால் தப்பு,
விசில் ஊதி எதிரிக்குப் பாயிண்ட் கொடுத்துவிடுவார்கள்.
எந்திரி, நேரா நில்லு, ஒழுங்கா நட
என்றே கேட்டு வளர்ந்தவளுக்கு
எழுந்தவர் தோற்கிற ஓர் ஆட்டம் உண்டென்று
கோயம்புத்தூரில் ஒரு சிமென்ட் தளத்தில் தெரியவந்தது,
இருபத்திரண்டாம் வயதில்.

இடது கால் குட்டை.
ஆறு வயதில் தோட்டத்து லாரி,
தோட்டத்து ஆஸ்பத்திரியில் கோணலாய்ச் சேர்ந்த எலும்பு.
மலை இடப்பக்கம் இருக்க நிரை பிடித்துப் போனால்
குட்டைக்கால் மேட்டில், நெட்டைக்கால் பள்ளத்தில்,
இரண்டு தோளும் ஒரே மட்டம்.
நிரை முடிந்தால் திரும்ப வேண்டும்.
அதே மலை அப்போது
என்னை இரண்டு மடங்கு சாய்க்கும்.

ஆக, பாதி நாள் நான் நேரானவள்.
கணக்கப்பிள்ளைக்கு அது போதவில்லை.
கொழுந்து குறைந்த நாளெல்லாம்
காலைப் பார்த்தபடியே அரைப்பேர் போட்டார்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ கழிவு, கூடைக்கு ஒன்று,
காலுக்கு எவ்வளவு சார் என்று ஒருநாள் கேட்டேன்.
பேனாவை மூடிக்கொண்டார்.
எருமாட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களும்
டீயைக் குடித்துவிட்டு
நான் டம்ளர் எடுத்துப்போன நடையை அளந்தார்கள்.
அவர்களுக்கு டேப் தேவைப்படவில்லை.

போட்டிக்கு மூன்று நாள் முன்பு
ஒரு வெள்ளை அறை. காகிதம் விரித்த கட்டில்.
இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் முட்டுவரை
ஒருவர் அளந்தார். இன்னொருவர் அளந்தார்.
திரும்ப முதலாமவர்.
குளிர்ந்த, மரியாதையான விரல்கள்.
மொழிபெயர்க்க வந்த பையன் தரையைப் பார்த்துச் சொன்னான்:
அக்கா, உங்க குறை குறைவா இருக்காம்.
அரை விரல்.

அரை விரல் என்றால்
இரண்டு இலைக்கு நடுவே சுருண்டு நிற்கும் மொட்டு.
ஒரு நாளைக்கு எத்தனை கிள்ளுகிறேன்,
எண்ணியதில்லை.

அறைக்கு வந்ததும் யாரும் பேசவில்லை.
கேப்டன் சுனைனா,
முட்டிக்கு மேலே இரண்டையும் ரயிலுக்குக் கொடுத்தவள்,
எனக்கு விளங்குகிற அளவு இந்தியில் சொன்னாள்:
உங்க தோட்டத்து டாக்டர் கஞ்சன்டி தவமலர்,
இன்னும் கொஞ்சம் கெடுத்து அனுப்பியிருக்கலாம்.
பதினொரு பேரும் நானும் சிரித்தோம்.
மீதிச் சிரிப்பைக் கக்கூஸில் போய் முடித்தேன்.

நீலக் கோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.
நெஞ்சில் நாட்டின் பெயர்.
படங்குக்கு உள்ளே போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போகிறேன்.
குளிருக்கு நல்லது. அட்டை மட்டும்
கோட்டா சட்டையா என்று பார்ப்பதில்லை.

மூன்றாவது செட். பன்னிரண்டுக்குப் பதின்மூன்று.
பின்பக்கம், இடது மூலை, என் மூலை.
அங்கே வேறொருத்தி, நல்ல பெண், புதியவள்.
எதிராளி அதைக் கண்டுகொண்டாள்.
பந்து தாழ்வாக, சுழன்று, நேரே அங்கே வருகிறது.
என் கை இரண்டும் தானாய்க் கோத்துக்கொண்டன,
யூரியா மூட்டையை விட்டு இடுப்பு ஒரு சாண் எழுந்தது.
தப்பு.

சங்கு ஊதிவிட்டார்கள். படமும் நின்றுபோனது,
பந்து அவள் விரலுக்கும் தரைக்கும் நடுவில்.

இறங்கி வந்தபோது கணக்கப்பிள்ளை கேட்டார்,
செயிச்சாங்களா?
தெரியல சார், மழை.
அவரும் மலையைப் பார்த்தார், கொஞ்ச நேரம்.

இன்று முழுப்பேர்.
ஈரத்துக்கு இரண்டு கிலோ
எப்போதும்போல் போனது.