ஆறாவது நுகம்

அபெலார்தோவின் வீட்டடியில்
கடல் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது.
போன ஆண்டு வேலி. இந்த ஆண்டு ஆப்பிள் மரம்.
இனி அடுப்படிதான் என்றார்கள்.

எங்கள் சிலோயே தீவுகளில்
வீட்டை இடிக்க மாட்டோம், இழுப்போம்.
பலகை வீடு. அடியில் இரண்டு மரத்தடிச் சறுக்கு,
முன்னால் எருதுகள், சுற்றிலும் ஊர்.
யார் வீடானாலும் வரவேண்டும்.
கூலி கிடையாது, சாப்பாடு உண்டு.
முடியாது என்ற சொல்லை
இந்த ஒரு காரியத்துக்கு யாரும் வைத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்காரன் ஒவ்வொரு படியாக ஏறி
தொப்பியைக் கையில் பிடித்துக் கேட்பது முறை.
எல்லாப் படியும் ஏறினான்.
என் படலை வரை வந்தான்.
மழையில் நின்றான்.
நாய்கூடக் குரைத்து ஓய்ந்தது.
திரும்பிப் போய்விட்டான்.

ஏன் என்று ஊருக்கே தெரியும்.
பதினோரு ஆண்டுக்கு முன்
என் நிக்கனோருக்கு மூளைக்காய்ச்சல்.
மருத்துவமனை அக்கரையில்.
அந்த ராத்திரி ஓடக்கூடிய ஒரே படகு அவனுடையது.
டீசல் இல்லை என்றான்.
விடியலில் அதே படகு
சிப்பி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போனதை
என் கண்ணால் பார்த்தேன்.
பிள்ளை பிழைத்தான்.
காது பிழைக்கவில்லை.

பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார்.
மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் எலிசேயோ வாசிப்பார்.
அன்று பாரம் சுமப்பது பற்றி வந்தது.
யாரையும் பார்க்காமல்தான் வாசித்தார்.
பாவி மனுஷன், என்னைப் பார்த்திருந்தாலாவது
கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருப்பேன்.

வீட்டில் உருளைக்கிழங்கு சீவியபடி
ஆண்டவரிடம் சண்டை போட்டேன்:
நேசி என்று சொல்வது உமக்குச் சுலபம்,
அவன் உமக்கு அண்டைவீட்டான் இல்லையே.
பதில் இல்லை.
குனிந்து பார்த்தால் கிழங்கில் பாதி
தோலோடு போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை ஐந்து நுகம் பூட்டினார்கள்.
வீடு முனகியது. நகரவில்லை.
ஆறாவது ஜோடி என் கொட்டிலில்
அசைபோட்டுக்கொண்டிருந்தது.
மேட்டில் நின்று பார்த்தேன்.

புகைபோக்கியில் புகை.
அவன் மனைவி ஓர்ஃபெலினா படுத்த படுக்கை.
அவளைத் தூக்கி வண்டியில் கிடத்திவிட்டு
அடுப்பை மட்டும் அணைக்காமல் விட்டிருக்கிறார்கள்,
போய்ச் சேரும்போது
அவள் அறை சூடாயிருக்கட்டும் என்று.

வசனம் இறக்கவில்லை என்னை.
அந்தப் புகைதான் இறக்கியது.

நிக்கனோர் எருதுகளின் பக்கம் நடந்தான்.
ஊரின் கூச்சல் அவனுக்குக் கேட்காது.
வடத்தின்மேல் கைவைத்து
அது விறைப்பதையும் விடுவதையும்
உள்ளங்கையால் படித்தான்.
நான் அவனுக்குப் பின்னால் பிடித்தேன்.
எனக்குப் பின்னால் யார் என்று
திரும்பிப் பார்க்கவில்லை.
மூச்சை வைத்தே தெரிந்தது.

வீடு நடந்தது,
புகை விட்டுக்கொண்டு, திரைச்சீலை ஆட,
நிறைமாதக்காரி போல
நின்று நின்று.

சாயங்காலம் எல்லாருக்கும் சாப்பாடு.
சிப்பி, பன்றிக்கறி, கிழங்கு அடை.
என் தட்டை அவனே கொண்டுவந்தான்.
தட்டு நடுங்கியது.
ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
உப்புப் போதவில்லை என்றேன்.
உப்பு எடுக்கப் போனான்.

மன்னித்தாயா எடுவினா என்று
எலிசேயோ பிறகொரு நாள் கேட்டார்.
தெரியவில்லை என்றேன்.
இழுத்தேன், அது தெரியும்.
என் கையிலும் தழும்பு இருக்கிறது,
எருதுகளின் கழுத்திலும் இருக்கிறது.

அபெலார்தோ இப்போதெல்லாம்
என் மகனைப் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை.
பாதையைவிட்டுச் சேற்றில் இறங்கி
சுற்றி வந்து
முன்னால் நிற்கிறான்,
முகம் தெரியும்படி.