படம் போடாத பெட்டி

பெட்ஃபோர்டில் புதிதாய்த் திறந்த கடையின் கண்ணாடிக்குள்
ஆளுயரத்துக்கும் மேலாக ஒருத்தி.
ஓடுகிறாளாம்.
வாய் பாதி திறந்திருக்கிறது,
மூச்சு வாங்க என்று தோன்றவில்லை.
நானும் ஓடுகிறவள்.
மூன்றாவது கிலோமீட்டரில் என் வாய் திறக்கிற விதத்துக்குப்
பார்த்தவர்கள் 108-ஐக் கூப்பிடுவார்கள்.

வெளியே பதினோரு டிகிரி.
அவள் வயிற்றில் ஒரு முழத் துணி இல்லை,
ஒரு புல்லரிப்பும் இல்லை.
யாரோ உட்கார்ந்து ஒவ்வொன்றாய் அழித்திருக்க வேண்டும்.
வேர்வையை மட்டும் விட்டிருக்கிறார்கள்,
வேண்டிய இடத்தில், ஜாமூன்மேல் ஜீரா மாதிரி.
ஷூ பாதிதான் தெரிகிறது.
விற்பது ஷூவைத்தான் என்று
மூலையில் விலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.
இரண்டு வருஷத்துக்கு முன் ஊட்டி கமர்ஷியல் ரோட்டில்
இவளோ இவள் தங்கையோ சொல்லித்தான்
ஓடுவதற்கென்று ஒரு உள்பாடி வாங்கினேன்.
ஊதா. முதுகில் சிலந்தி கட்டினதுபோல் நாலு பட்டை.
ஆயிரத்து எண்ணூறு.
வயசு முப்பத்தெட்டு, இரண்டு சிசேரியன்,
அரசு ஆஸ்பத்திரி லேபில்
ஊரார் ரத்தத்தில் அணுக்களை எண்ணுகிற வேலை.
அன்றைக்கு எனக்கு எண்ண வரவில்லை.
அந்த வயிற்றைத்தான் வாங்க நினைத்தேன்.
பெட்டிக்குள் அது இல்லை.
எடப்பள்ளி வளைவு வரை ஒருநாள் போட்டு ஓடினேன்.
காட்டத் தெரிந்தது அதற்கு, பிடிக்கத் தெரியவில்லை.
குளியலறைக் கதவுக்குப் பின்னால்
பூஞ்சை பிடித்துத் தொங்குகிறது இன்னும்.

பிறகு எதுவும் வாங்கவில்லை.
பழைய உள்பாடி இரண்டு, ஒன்றன்மேல் ஒன்று,
அதற்குமேல் வீட்டுக்காரர் ஸ்வெட்டர்.
கூட ஓடுகிற யோகமலர், டான்டீ லைனில் இருப்பவள்,
ஆம்பிளை ஷூவில் பஞ்சு திணித்துக்கொள்கிறாள்.
"நம்ம அளவு கேட்டு வாங்கலாமில்ல?"
"அந்தப் படத்துக்குக் கீழ நின்னு எப்படிக்கா கேக்கறது.
படத்தைப் பார்த்துட்டு என்னைப் பார்ப்பாங்க."

இன்று நான் மட்டும் உள்ளே போனேன்.
பெண்கள் பக்கம் முழுக்க ரோஸ்.
அட்டைக்கு அட்டை இடுப்பு.
எவ்வளவு தாங்கும், எத்தனை துவைக்கு வரும்,
எதிலும் இல்லை.
ஆண்கள் பக்கத்துப் படத்தில்
ஒருவன் முதுகைக் காட்டி மலையைப் பார்க்கிறான்.
மலை அவனுக்கு மட்டும் கிடைத்திருக்கிறது.
கல்லாவில் இருந்த பையன்
படத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மொபைலைப் பார்த்தான்.
ஒரு நொடிகூட ஆகியிருக்காது.
கதவின் கைப்பிடி வரை திரும்பி வந்துவிட்டேன்.

"அக்கா."
கடைப் பெண். பெயர் அட்டையில் ஜெசிந்தா.
குல்லா, ஸ்வெட்டர்,
ஸ்வெட்டருக்கு மேல் இறுக்கி மாட்டிய கடை டீ-ஷர்ட்.
தினமும் ஒன்பது மணி நேரம் அந்தப் படத்தடியில் நிற்பவள்.
"ஓடறதுக்கா, போட்டுக்கறதுக்கா?"

எந்தக் கடையிலும் கேட்டதில்லை இப்படி.
"ஓடறதுக்கு. இறக்கத்துல வலிக்குது."
"எந்தப் பக்கம்?"
சொன்னேன்,
பல் டாக்டரிடம் பல்லைக் காட்டுகிற மாதிரி.

ஏணி போட்டு ஏறி
மேல்தட்டிலிருந்து ஒரு பழுப்புப் பெட்டி இறக்கினாள்.
படம் இல்லை. உள்ளே சாம்பல் நிறம், அகலப் பட்டை.
அழகு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.
"போட்டுட்டுக் குதிச்சுப் பாருங்க."
குதித்தேன். பலகைத் தரை அதிர்ந்தது,
நான் அதிரவில்லை.

"இதை வெளிய வைக்கலாமில்ல?"
"வெச்சா போகாதுங்கறாங்க."
"போகுதா?"
"வாரத்துக்கு அஞ்சாறு போகுது. நான் ஏறி எடுத்தா."

யோகமலருக்கு ஏழாம் நம்பர் ஒன்று சொல்லிவைத்தேன்,
பஞ்சு தேவைப்படாத ஏழு.

வெளியே வந்தபோது மூடுபனி இறங்கிக்
கண்ணாடியின் மேல்பாதி வெளுத்திருந்தது.
அவள் முகம் தெரியவில்லை.
முகம் போனதில்
படத்துக்கு ஒன்றும் குறையவில்லை.