உமிழ்நீர்க் கணக்கு

ஷியாமென் துறைமுகத்துக்குப் பின்னால்
மூன்றாம் மாடி. ஜன்னல் திறக்காது.
பன்னிரண்டு குழி வைத்த சிவப்புப் பட்டுப் பெட்டியில்
ஆறு கூடுகள் மிச்சம்.
விலைச்சீட்டைக் கிழிக்காமல் விட்டிருக்கிறார்கள்:
என் இரண்டு மாதச் சம்பளம்.

கடற்குகையில் உழவாரக் குருவி
துப்பித் துப்பிக் கட்டிய வீடு
என்கிறது அட்டை.
கீழே தெருவில் துப்பினால் அபராதம்.

அனுப்பியவர் தியாவ் பெய்ஷெங், கிரேன் ஓட்டுநர்.
'காரணம்' என்ற கட்டத்தில் எழுதியிருக்கிறார்:
"பாதியை மனைவி சாப்பிட்டுவிட்டாள்.
மீதியைப் பார்த்துச் சொல்லுங்கள்."

ஒன்றை எடுத்துப் பொடித்தேன், கரைத்தேன்,
ட்ரிப்சின் சேர்த்து
முப்பத்தேழு டிகிரியில் இரவெல்லாம் வைத்தேன்.
ட்ரிப்சின் கண்ட இடத்தில் கடிக்காது.
லைசினுக்குப் பின்னால், ஆர்ஜினினுக்குப் பின்னால்,
அவ்வளவுதான்.
ஒழுக்கமான பல்.
ஆனால் அந்தப் பல் முளைத்தது
ஒரு பன்றியின் கணையத்தில்.
பன்றியைத் தேடப் பன்றியையே அனுப்புகிறேன்;
திரும்பி வரும்போது
போனது எது, பிடிபட்டது எது என்று
பிரித்தெழுத வேண்டியிருக்கிறது.

காலையில் கருவி
துண்டு துண்டாய் எடை போட்டு முடித்திருந்தது.
பன்றித்தோலின் கொலாஜன், மலைபோல.
என் பல் அல்ல, இரண்டு முறை பார்த்துவிட்டேன்.
மரப்பிசின் என் கருவிக்குத் தெரியாது,
அது பக்கத்து அறையின் வேலை.
கண்ணாடிச் சுவருக்கு அப்பால்
ஸுன் யீ கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டினாள்.

உழவாரன் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு மங்கல் மேடு,
இரைச்சலா அதுவா என்று சொல்ல முடியாத உயரம்.
அதற்கடுத்து முட்டை வெள்ளைக்கரு.
ஆகவே பறவையே இல்லை என்று எழுதக் கூடாது.
பறவை உண்டு.
கோழி.

கடைசியாக மனிதக் கெரட்டின்.
அது எல்லா மாதிரியிலும் வரும்.
கையுறை, தொப்பி, முகமூடி தாண்டி
உதிர்ந்துகொண்டே இருக்கிற என் தோல்.
அறிக்கையில் அந்த வரியை நீக்கிவிடுவது வழக்கம்.
கலந்தவன் பெயர் வராத தாளில்
நான் மட்டும் எதற்கு?

மாலையில் தொலைபேசியில் சொன்னேன்.
அந்தப் பக்கம் காற்று, சங்கிலிச் சத்தம்.
"அவளுக்கு இருமல் நின்றுவிட்டதே," என்றார்.
அதற்குக் கட்டம் எதுவும் இல்லை எங்கள் படிவத்தில்.
"அப்படியென்றால் அந்த ருசி?"
"கற்கண்டு," என்றேன்.
"அசலுக்கும் தனியாக ருசி கிடையாது."
வெகுநேரம் காற்று மட்டும்.
பிறகு,
மிச்சம் ஐந்தைத் திருப்பி அனுப்ப முடியுமா என்றார்.
கடைக்காரன் முகத்தில் எறியவா,
வீட்டு அடுப்புக்கா,
அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐந்தையும் பட்டில் வைத்தேன்.
ஆறாவது குழியில் அறிக்கையை மடித்துச் செருகினால்
பெட்டி மூடவில்லை. தனி உறை தேடினேன்.
அதன் விளிம்புக் கோந்து காய்ந்து கிடந்தது.
யாரும் இல்லை.
முகமூடியைக் கீழிறக்கி
நாக்கால் நனைத்து ஒட்டினேன்.