மூன்றாம் வகை

சடையங்குப்பம் தாண்டி
கம்பெனிக்குச் சொந்தமான மண்கரை.
உயரம் பன்னிரண்டடி.
கசிவு இல்லை என்று போன வருடம்
யாரோ எழுதியிருக்கிறார்.
நான் நிற்கிற இடத்தில் பூட்ஸ் நனைகிறது.
நண்டு வளைகளை எண்ண ஆரம்பித்து
நாற்பதோடு விட்டுவிட்டேன்.

'கீழ்ப்புறம் குடியிருப்பு' என்ற கட்டத்தில்
ஒரு கோடு.
அந்தக் கோட்டின் மேல்தான்
அஞ்சலாட்சி துணி காயப்போடுகிறாள்.
அதன் கீழே சிலிண்டர், தூளி,
பட்டா இல்லாத பதினோரு கூரை.

"இன்னா சார், தாங்குமா?"
"மூணாம் வகைம்மா. ஆபத்து கம்மி."
"யாருக்கு?"

பேனாவை உதறினேன். மை இருந்தது.
கோட்டை அடித்துப் பதினொன்று என்று போட்டால்
கரையை யாரும் பலப்படுத்தமாட்டார்கள்,
கூரைகளைக் காலி செய்வார்கள்.

"எழுதாத சார்" என்றாள்,
ஈரப் பாவாடையை
என் பக்கம் பார்க்காமல் பிழிந்துகொண்டே.