நெஷ்

செஸ்டர்ஃபீல்ட் பிணவறையில் எனக்கு இரண்டாம் வாரம்.
இழுப்பறையைத் தள்ளப் போனேன்;
டோரீன் ஆலரன்ஷா தடுத்தார்.
கைப்பையிலிருந்து ஒரு மஃப்ளர்.
"கழுத்தை மூடிவிடு கண்ணு. மனுஷன் நெஷ்."

நான் லண்டன்காரன். விழித்தேன்.
குளிர் தாங்காத சோப்ளாங்கி என்றார்;
சுரங்கத்தில் அதைவிடக் கேவலமில்லை,
நாற்பது வருஷம் அப்படித்தான் கூப்பிட்டாராம்
ஜூன் மாதத்திலும் மேல்பொத்தான் போட்டவரை.

இரவு அகராதி பார்த்தேன்.
ஆயிரம் வருஷத்துக்கு முன்பு
அது வசையே இல்லை.
மெத்தென்றது, இளசு. அவ்வளவுதான்.
கனிந்த பேரிக்காயை, குழந்தையின் உச்சந்தலையை
யாரோ அப்படிச் சொல்லித் தொட்டிருக்கலாம்.
எந்தக் குளிரில் இறுகியதோ.

காலையில் ஏழாம் இழுப்பறையைத் திறந்தேன்.
மஃப்ளர் சரியாகத்தான் இருந்தது.
இருந்தும்
இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.