பெயர் வேண்டாம்

கோனாப்பட்டில், பதினேழு புள்ளிகளுக்குப் பொதுவான வீட்டில்,
ஒன்பதாம் அறையின் பூட்டை அறுத்தபோது
பித்தளைத் தூக்குகளுக்கும் பர்மாப் பீங்கானுக்கும் நடுவே
இது இருந்ததாம்.
"ஈசிஜி மெஷின் மாதிரி இருக்கு, ஆனா பியானோக் கட்டையும் இருக்கு"
என்றார் போனில் லெட்சுமணன்.
வேலை செய்தால் ஒரு விலை,
செய்யாவிட்டால் மரத்தின் விலை.
பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் ஜெசிந்தா. காரைக்குடி ஆய்வகத்தில்
மின்தேக்கிகள் எப்போது வீங்கும் என்று பார்ப்பது தொழில்.
ஞாயிறுகளில் கச்சேரிக் குழுக்களின் கீபோர்டுக்கு
உயிர் கொடுப்பேன், சமயத்தில் எடுத்தும்விடுவேன்.

பலகையில் இருந்த பெயரை மூக் என்று படித்தேன்.
மூகன் என்றால் ஊமை; பொருத்தம்தான்.
அப்புறம் தெரிந்தது,
செய்தவர் தன் பெயரை மோக் என்றே சொல்வாராம்.
மோகத்தில் முக்கால்.

இதற்கு முன்னால் இந்த இனம் சுவர் அகலம்.
டெலிபோன் எக்சேஞ்ச் போல ஒயர் பிடுங்கி ஒயர் சொருகி
ஒரு ரீங்காரத்துக்கு ஒரு மத்தியானம் ஆகும்.
எழுபதில் அதைப் பெட்டிக்குள் அடக்கினார்கள்.
நாற்பத்துநான்கு கட்டை, மூன்று அலையாக்கி,
டிரான்சிஸ்டர்களை ஏணியாய் அடுக்கிய வடிகட்டி.
கீச்சென்று ஏறிய ஒலி அந்த ஏணியில் இறங்க இறங்க
சாறு பாகாகிறது மாதிரி கனக்கும்.
எத்தனையோ பாட்டுக்கு அதில்தான் இடுப்பு கிடைத்தது.
எத்தனையோ பேஸ் கிடார்க்காரர்களுக்கு அன்றைய சம்பளம் போனது.
எண்பத்தொன்றில் உற்பத்தி நின்று
அடகுக்கடைகளில் தூங்கி
எழுந்தபோது கார் விலை.

ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான்.
இரண்டை அழுத்தினால் கீழே இருப்பது மட்டும் பேசும்.
(இதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன்.
பினாங்கிலிருந்து உமையாள் மட்டும் சிரித்தார்.)

நினைவு என்பதே இதற்குக் கிடையாது.
குமிழ்கள் நிற்கிற நிலைதான் ஒலி.
ஆகவே அரு. சோலையப்பன்,
லண்டனுக்குக் கணக்கு படிக்கப் போய் இதோடு திரும்பியவர்,
பேரேட்டுத் தாளில் வட்டம் வட்டமாய்ப் போட்டு
ஒவ்வொரு குமிழின் முள்ளையும் குறித்திருக்கிறார்.
பதினொரு தாள்.
ரங்கூன் கப்பல்.
மாமனார் செருமல்.
ஊருணியில் எருமை இறங்குவது.
வட்டிக்கு வட்டி.
கடைசித் தாளில் வட்டங்கள் மட்டும், முள் இல்லை.
மேலே எழுதியிருந்தது: பெயர் வேண்டாம்.

ஆறு மின்தேக்கி மாற்றி, மின்சாரத்தை மெல்ல ஏற்றினேன்.
செருமல் வந்தது. சத்தியமாய் மாமனார்.
எருமை இறங்கியது, பின்னால் தண்ணீரும் தளும்பியது.
சித்திரை வெக்கையில் மூன்று அலையாக்கியும்
ஒன்றைவிட்டு ஒன்று நழுவின.
சேர்த்து வைத்தேன், பத்து நிமிஷத்தில் மறுபடி நழுவின.
இந்தக் கோளாறைத்தான் இப்போது மென்பொருளில்
தனிக் குமிழாக்கி விற்கிறார்கள்.
என் மகன் ரூபன் அதை முழுக்கத் திருகி வைப்பான்.

பிறகுதான் உறைத்தது.
முள் போடாத தாளுக்கு, முள் இந்தப் பலகையிலேயே இருந்திருக்கிறது.
அவர் கடைசியாகக் கையெடுத்த இடத்தில்
நாற்பது வருஷம் அசையாமல் நின்ற குமிழ்களை
வந்ததும் முதல் வேலையாய்
ஸ்பிரிட் துணியால் துடைத்தேன் நான்.
போட்டோகூட எடுக்கவில்லை.
ஆய்வகத்தில் இப்படிச் செய்தால் மெமோ.

ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாய்த் திரும்ப வைத்தேன்.
வடிகட்டிக் குமிழ் மட்டும் வரவில்லை.
ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தபடி
அடியிலிருந்து உச்சிவரை மிக மெதுவாய்த் திருகினேன்.
வழியில் எங்கோ
அது என்னைக் கடந்துதான் போயிருக்கும்.

வேலை செய்கிறது என்று குழுவில் போட்டேன்.
பதினாறு கட்டைவிரல் வந்தது.